குழியின் வாயைக் குறுக்கு

ரோட்டை வெட்டாமல் ரோட்டுக்கு அடியில் குழாய் பதிக்கிற வித்தை ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி. நடுவில் பஸ் போகும், தேர் போகும், கல்யாண ஊர்வலம் போகும். அடியில் ஒரு துளைப்புத் தலை மண்ணை அரைத்துக்கொண்டே நகரும், அதன் பின்னாலேயே குழாய் நகரும். எஞ்சினியர்கள் 'டிரெஞ்ச்லெஸ்' என்பார்கள். பள்ளம் தோண்டாத முறை என்று நாம சொல்லிக்கலாம். இதைப் போய் ஒரு தலித் பத்திரிகையில் எதுக்கு எழுதணும் என்று தோழர்கள் கேட்கலாம். எந்தத் துளைக்குள் இயந்திரம் போகணும், எந்தத் துளைக்குள் மனுசன் போகணும் என்று ஒருத்தன் மேசையில் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறான். அந்த முடிவுக்குச் சாதி இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஜெட் பம்பு. இது நமக்குப் புது ஆள் இல்லை. மேலே வைத்த சாதாரண மோட்டார் 25 அடிக்குக் கீழே கிடக்கிற தண்ணியை உறிஞ்ச முடியாமல் திணறும். அதனால் போர் குழிக்குள் ரெண்டு குழாய் இறக்குவார்கள். ஒன்று வழியாக மேலிருந்து தண்ணியை வேகமாகக் கீழே அனுப்பு. அடியில் அது ஊசிமூக்கு மாதிரி ஒரு சின்னத் துவாரம் வழியாகப் பீச்சி அடிக்கும். வேகம் கூடினால் அந்த இடத்தில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த இடத்துக்குச் சுற்றியிருக்கிற தண்ணி தானாக ஓடி வரும். ரெண்டும் சேர்ந்து இன்னொரு குழாய் வழியாக மேலே ஏறும். அடியில் சுற்றுகிற சக்கரம் கிடையாது, மோட்டார் கிடையாது, தேய்கிற பேரிங் கிடையாது. கரண்டை அநியாயத்துக்குத் தின்னும், அது வேற கதை. 1858-லேயே பிரான்ஸ் நாட்டு ஹென்றி ஜிஃபார்ட் என்பவர் இதே தத்துவத்தில் ரயில் என்ஜின் கொதிகலனுக்குத் தண்ணி ஏற்றக் கருவி செய்து காப்புரிமை வாங்கிவிட்டார். நம்ம பாட்டன் காலத்துக்கும் முந்தின சரக்கு.

அதே பம்பைத்தான் பள்ளம் தோண்டாத முறையில் சின்ன விட்டக் குழாய்களுக்கு உபயோகிக்கிறார்கள். மண்ணை அரைத்தால் மட்டும் போதாது, அரைத்த மண்ணை வெளியே கொண்டுவரணும். பெரிய சுரங்கம் என்றால் தள்ளுவண்டி போகும், பெரிய சேற்றுப் பம்பு உள்ளே உட்காரும். ஒண்ணேகால் அடி, ஒண்ணரை அடிக் குழாய்க்குள் எதை வைப்பது? அங்கேதான் ஜெட் பம்பு. துளைப்புத் தலைக்குப் பின்னாலேயே பதுங்கிக்கொள்ளும். ஒரு குழாயில் அழுத்தத் தண்ணி உள்ளே போகும், இன்னொரு குழாயில் சேறும் சரளையும் வெளியே வரும். மேலே தரையில் ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து முள் காட்டுகிறதைப் பார்த்து ஓட்டுவார்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இந்தத் தொழிலில் குழாய்களை ரெண்டாகப் பிரிக்கிறார்கள்: ஆள் நுழையக்கூடிய குழாய், ஆள் நுழைய முடியாத குழாய். கிட்டத்தட்ட 900 மில்லிமீட்டர், அதாவது மூணு அடி, அந்த எல்லைக்கோடு. 1970-களில் ஜப்பான்காரன் தூரத்தில் இருந்தே இயக்குகிற சின்னத் துளைப்பு இயந்திரத்தைக் கண்டுபிடித்தான். 1971-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பஹாரோ ஆற்றுக்கு அடியில் ஆற்றைத் தொடாமலே குழாயை வளைத்துக் கொண்டுபோனார்கள். சின்னக் குழாய்க்கு இவ்வளவு மூளை எதற்குச் செலவாச்சு? அதுக்குள் மனுசன் நுழைய முடியாது என்பதால்தான். ஆள் நுழைய முடியாத இடத்தில் விஞ்ஞானம் பிறந்தது. ஆள் நுழைய முடிகிற இடத்தில் என்ன நடந்தது என்பதை இந்தியாவில் பாருங்கள்.

இங்கே ரயில் தண்டவாளத்துக்கு அடியில், நாலுவழிச் சாலைக்கு அடியில் குழாய் கொண்டுபோக 'பைப் புஷ்ஷிங்' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து ஜாக்கி வைத்துக் குழாயைத் தள்ளுவார்கள். முன்னால்? முன்னால் மனுசன். குழாய்க்குள் தவழ்ந்து போய், குத்தவைத்து, கடப்பாரையாலும் கைமண்வெட்டியாலும் மண்ணைப் பறித்துச் சட்டியில் அள்ளிப் பின்னால் தள்ளணும். மூச்சுக்காற்று மேலிருந்து ஒரு ஊதுகுழாயில் வரும். இதையும் பள்ளம் தோண்டாத தொழில்நுட்பம் என்றுதான் கணக்கில் எழுதுகிறான். மேலே பள்ளம் இல்லை, வாஸ்தவம்.

2023 நவம்பர் 12 அன்று உத்தரகாண்ட் சில்க்யாராவில் சுரங்கம் சரிந்து 41 தொழிலாளிகள் உள்ளே மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். அமெரிக்க ஆகர் இயந்திரம் இடிபாட்டைத் துளைத்துக்கொண்டு போய்க் கம்பியில் சிக்கி உடைந்துபோனது. கடைசி 12 மீட்டர் சுமாருக்கு 800 மில்லிமீட்டர் குழாய்க்குள் படுத்துக் கையாலேயே தோண்டி, 28-ம் தேதி அந்த 41 பேரையும் வெளியே கொண்டுவந்தவர்கள் ஒரு டஜன் பேர். 'எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்' என்று பத்திரிகைகள் பேர் வைத்தன. உண்மையில் அவர்களின் அன்றாடப் பிழைப்பு டெல்லியில் ரோட்டுக்கு அடியில் குழாய் தள்ளுவதுதான். தலித்துகள், முஸ்லிம்கள். நாடே மாலை போட்டது. மூணே மாசத்தில், 2024 பிப்ரவரி 28 அன்று, அதில் ஒருத்தருடைய வீட்டை ஆக்கிரமிப்பு என்று சொல்லி டெல்லி வளர்ச்சி ஆணையம் இடித்துத் தள்ளியது. மாலை காய்வதற்குக்கூடப் பொறுக்கவில்லை என்று இதைச் சொல்வதா, மாலையே பொய் என்று சொல்வதா?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். காரைக்குடியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் 2017 வாக்கில் ஆரம்பித்து வருசக் கணக்கில் இழுத்தது. தெருத்தெருவாகத் தோண்டினார்கள். செம்மண் புழுதியில் கடைக்காரர்கள் கத்தினார்கள், வண்டிக்காரர்கள் விழுந்து எழுந்தார்கள், மழை வந்தால் சேறு. நியாயமான கோபம். ரோட்டை இப்படிக் கந்தலாக்காமல் நவீன முறையில் செய்யக்கூடாதா என்று படித்தவர்கள் கேட்டார்கள். ரோட்டுக்கு வலித்தது எல்லாருக்கும் தெரிந்தது. இந்தக் குழாய் ஓட ஆரம்பித்த பிறகு அடைத்துக்கொண்டால் யார் எடுப்பது என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

குழாய் பதிக்கும் வேலையில் இருபது வருசம் கிடந்த ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார்: "குழாய் புதுசா இருக்கிற வரைக்கும் நான் பிட்டருங்க தம்பி. கழிவு ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா அதே குழாய்க்கு நான் தோட்டி." பாடப் புத்தகத்தில் இல்லாத பொறியியல் இது.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறான். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் ஏறிவிட்டன. பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கருச் சுவர். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல். முற்றத்தில் விழுந்த மழை ஒரு சொட்டு வீணாகாமல் ஊருணிக்குப் போகிற வாய்க்கால் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் வியந்து வியந்து எழுதுகிறார்கள். வியக்கத்தக்கதுதான், மறுக்கவில்லை. அவ்வளவு தண்ணிக் கணக்குப் போட்ட ஊரில் பின்வாசல் பக்கம் மலக்கூடை சுமந்த பெண்ணின் கணக்கு எந்த வரைபடத்திலும் இல்லை. முன்வாசலுக்கு வழிகாட்டி இருக்கிறான், டிக்கெட் இருக்கிறது. பின்வாசலுக்கு வரலாறே கிடையாது.

ஊருணித் தண்ணி யாருக்கு என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தச் சீமை பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தபோது, 1930 டிசம்பரில் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு 8 தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. சட்டை கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் மார்பை மூடக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. 1931 ஜூனில் அது 11 தடைகளாக வளர்ந்தது. அதில் ஒன்று தண்ணி எடுக்கிற பாத்திரத்தைப் பற்றியது: பித்தளை, செம்புக் குடம் கூடாது, மண்பானைதான். தலையில் சும்மாடு துணியில் கட்டக் கூடாது, வைக்கோல்தான். ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி தன் சாதி பற்றிய புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள். ஒரு பொம்பளையின் தலைக்கும் குடத்துக்கும் நடுவில் இருக்கிற சும்மாடு வரைக்கும் வந்து சட்டம் போட்டிருக்கிறான். குழாயின் விட்டத்தில் சாதி இருக்குமா என்று சிரிக்கிறவர்கள் இந்தச் சும்மாட்டை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

பக்கத்தில் தேவகோட்டை வட்டம். உஞ்சனையில் 1979-ல் கோயில் விழா உரிமைத் தகராறில் தலித்துகள் ஐந்து பேரை வெட்டிக் கொன்றார்கள். கண்டதேவித் தேரின் வடத்தைத் தலித்துகளும் தொடுவோம் என்ற உரிமைக் குரல் 1998-ல் எழுந்து, தேர் வருசக் கணக்கில் நின்று, கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்து, 2024 ஜூனில் போலீஸ் படையைக் குவித்து ஓட்டினார்கள். இந்த மண்ணில் கயிறு ரெண்டு வகை. தேர்வடத்தை நாம் தொட்டால் கலவரம் வரும். குழிக்குள் இறங்க இடுப்பில் கட்டுகிற கயிறைப் பிடித்துக்கொள்ள எந்த நாட்டாரும் உரிமை கேட்டு வந்ததில்லை. அதற்கு முதல் மரியாதை, ரெண்டாம் மரியாதை சண்டை நடந்ததாக நான் கேள்விப்பட்டது இல்லை.

அந்தக் குழிக்குள் என்ன இருக்கிறது? ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனம், அதனால் அடியில் தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கையே மரக்க வைத்துவிடும். நாற்றம் போயிருச்சு, வாயு வெளியேறிருச்சு என்று நினைத்து இறங்குகிறவன் ரெண்டு மூச்சில் சாய்கிறான். அவனைத் தூக்கப் போகிற தம்பியும் சாய்கிறான். அதனால்தான் செய்தியில் எப்பவும் ரெண்டு பேர், மூணு பேர் என்று வருகிறது.

இதே வாயு சிமெண்டுக் குழாயையும் தின்னும். குழாயின் மேல்வளைவில் ஒட்டியிருக்கிற நுண்ணுயிர்கள் இதைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும், அமிலம் சிமெண்டை அரித்துவிடும். அரிப்பைத் தாங்கணும் என்று குழாய்க்குப் பீங்கான், பிளாஸ்டிக் என்று மாற்று தேடியாச்சு. காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். உலோகம் அரிப்பதைப் பற்றிய ஆராய்ச்சியில் நாட்டுக்கே பேர்போன இடம். மண்டபத்தில் கடலோரம் இரும்புத் தகடுகளை உப்புக்காற்றில் வைத்து, வருசக் கணக்கில் எவ்வளவு துருப்பிடிக்கிறது என்று அளக்கிறார்கள். அந்த விஞ்ஞானிகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல வேலைதான். குழாயின் ஆயுளை அளக்கிற இந்த நாடு, குழாய் சுத்தம் பண்ணுகிறவனின் நுரையீரலை அளந்ததா என்பதுதான் என் கேள்வி.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1993-ல் ஒன்று, 2013-ல் இன்னொன்று. 2014 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் செத்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபர் 20-ல் அதை 30 லட்சம் ஆக்கியது. பிணத்தின் விலை ஏறியிருக்கிறது. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு வைத்த சாவுக் கணக்குகளில் சமூகநீதி மண்ணான தமிழ்நாடு திரும்பத் திரும்ப முதலிடத்தில் நின்றது. 2013 சட்டத்தைப் படித்துப் பாருங்கள். சாக்கடைக்குள் ஆளை இறக்காதே என்று அது நேரடியாகச் சொல்லவில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்கினால்தான் அது 'அபாயகரமான சுத்தம்'. அதற்கு முதல் தடவை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். முகமூடி மாட்டிவிட்டால் இறக்கலாம். சட்டத்திலும் ஒரு மூடி இருக்கிறது, அதைத் திறந்துதான் காண்ட்ராக்டர் நம்மை உள்ளே விடுகிறான்.

பேரையும் மாற்றிவிட்டார்கள். 'மேன்ஹோல்' என்று சொல்லாதே, 'மெஷின்ஹோல்' என்று சொல் என்றார்கள் டெல்லியில். இங்கே அழகான தமிழில் 'இயந்திர நுழைவாயில்'. வாயின் அகலம் அப்படியே இருக்கிறது, ஏறக்குறைய ரெண்டு அடி. ஒரு ஒல்லியான ஆளின் தோள் நுழைகிற அகலம். உள்ளே சுவரில் கால் வைத்து இறங்க இரும்புப்படி. இயந்திரத்துக்குக் கால் ஏது? அந்தப் படி யாருக்காக?

இனி நம்ம தரப்பில் சொல்லப்படுகிற ரெண்டு வாதங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று: மெஷின் வந்தா நம்ம சனத்துக்கு வேலை போயிரும். இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் குழிக்குள் இறங்காதவர். இறங்குகிறவரிடம் கேளுங்கள், பிள்ளையை இந்த வேலைக்கு விடுவீங்களா என்று. ஆனாலும் அந்தப் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. கையால் செய்தபோது நம்ம தொழில், இயந்திரம் வந்ததும் டிரைவர் வேலை, ஆபரேட்டர் வேலை, ஐ.டி.ஐ. சர்டிபிகேட் என்று வேற சாதிக்குப் போய்விடுகிறது. மலம் நம்மோடது, ஸ்டியரிங் அவனோடது. ஆகவே இயந்திரத்தின் சாவி யார் கையில் என்று கேட்காமல் இயந்திரத்தை மட்டும் கேட்பது அரைக் கோரிக்கை. 2024 டிசம்பரில் சென்னையில் 213 கழிவுநீர் அகற்றும் வாகனங்களைத் தூய்மைப் பணியாளர்களின் குடும்பத்தாரையே முதலாளிகளாக்கி ஓடவிட்டார்கள். குறை ஆயிரம் சொல்லலாம், மலத்தோடு சாதியை நிரந்தரமாகக் கட்டிப்போடுகிறது என்றும் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் சாவி கைமாறியது ஒரு சங்கதிதான். காரைக்குடி, சிவகங்கை, தேவகோட்டை, மானாமதுரைக்கும் அந்தச் சாவி வரணும்.

இரண்டாவது வாதம்: தொழில்நுட்பம் வந்துவிட்டால் பிரச்சனை தீர்ந்தது. கேரளத்துப் பையன்கள் 2018-ல் 'பாண்டிகூட்' என்று ரோபோவே செய்துவிட்டார்கள், அதை வாங்கினால் போதும் என்கிறார்கள். நல்ல ரோபோதான். வாங்குவார்கள், மந்திரி பச்சைக்கொடி காட்டுவார், போட்டோ வரும். அப்புறம் அது ஷெட்டில் நிற்கும். பழுது பார்க்க ஆள் இல்லை, டீசலுக்குப் பில் பாஸ் ஆகவில்லை. அதிக அழுத்தத்தில் தண்ணியைப் பீச்சுகிற ஜெட்டிங் வண்டிக்கும் இதே கதிதான் பல ஊரில். அவசரம் என்று கவுன்சிலர் போன் பண்ணுவார். மேஸ்திரி யாரைக் கூப்பிடுவார்? ஷெட்டைத் திறக்க ரெண்டு மணி நேரம் ஆகும், கருப்பையாவைக் கூப்பிட அஞ்சு நிமிசம். ஆள் நுழைய வழி இருக்கிறவரை ஆள்தான் மலிவான இயந்திரம். இதற்கு அந்த மேஸ்திரி கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே நான் சொல்கிற வழி வேற. குழியின் வாயைக் குறுக்கு. ரெண்டு அடியை ஒரு அடியாக்கு. இரும்புப்படியைப் பிடுங்கு. ஒரு அடி வாய்க்குள் ஜெட்டிங் ஹோஸ் போகும். கழிவை உறிஞ்சுகிற நாலு அங்குலக் குழாய் போகும். கேமரா போகும். மனுசத் தோள் போகாது. முகமூடி மாட்டினாலும் போகாது, கவுன்சிலர் போன் பண்ணினாலும் போகாது, அஞ்சாயிரம் ரூபாய் ஆசை காட்டினாலும் போகாது. ஆள் நுழைய முடியாத சின்னக் குழாய்தானே ஜப்பான்காரனை யோசிக்க வைத்தது? நம்ம நகராட்சி எஞ்சினியர்களும் அப்படி யோசிக்க வேண்டிய நெருக்கடியை அவர்களுக்கு உண்டாக்கணும்.

எஞ்சினியர் உடனே சொல்வார்: செங்கல் விழும், துணி அடைக்கும், பாட்டில் சிக்கும், பெரிய அடைப்பை எப்படி எடுப்பது? சரிதான், அடைக்கும். ஹோஸ் முனையில் பின்பக்கம் பீச்சுகிற தண்ணி பெரும்பாலான அடைப்பைப் பெயர்த்துவிடும். வராத அடைப்புக்கு ரோட்டை வெட்டு. மேலிருந்து தோண்டி, குழாயை உடைத்து எடுத்து மாற்று. செலவாகும், ட்ராஃபிக் நிற்கும், ரோடு கந்தலாகும். ஆகட்டும். ரோட்டை வெட்டாமல் குழாய் பதிக்க இவ்வளவு வித்தை படித்தவர்களுக்கு, மனுசனைக் காப்பாற்ற ஒரு நாள் ரோட்டை வெட்டத் தெரியாதா? ஆள் இறங்கியே ஆகவேண்டிய பம்பிங் ஸ்டேஷன் கிணறுகளும் பெரிய குழாய்களும் ஊருக்குள் சில இடங்களில் இருக்கும். அவற்றைத் தனியாக எண்ணி, பூட்டுப் போட்டு, சாவியையும் பொறுப்பையும் ஒரு அதிகாரியின் பேரில் எழுதி வைக்கட்டும். செத்தால் மேஸ்திரி மேல் கேஸ் போட்டு முடிக்கிற வேலை அப்போது நடக்காது.

தண்ணிக் குழாய் பற்றியும் ஒரு வார்த்தை. மெயின் லைன் ஊர்த்தெருவோடு நின்றுவிட, காலனிக்குக் குழாய் வராததற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்பது நீங்களும் கேட்டதுதான். நடுவில் பட்டா நிலம் இருக்கு, கோயில் வீதியை வெட்டக் கூடாது, புது ரோட்டைத் தோண்ட நெடுஞ்சாலைத்துறை விடாது. இதற்கெல்லாம் பள்ளம் தோண்டாத முறை ஒரு பகலில் பதில் சொல்லும். ரெண்டு குழி, நடுவில் நூறு அடி, வீதி மேல் ஒரு கீறல் விழாது. கேட்டுப் பாருங்கள். அப்புறம் வேறு காரணம் வரும். வரட்டும், அந்த வேறு காரணத்தை அவர்கள் வாயால் சொல்ல வைக்கவாவது இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் பயன்படும். குழாய் வந்த பிறகும் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து ஜில்லா வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பார்த்தோம். தலித்துகள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. போலீஸ் அதே காலனிப் பையன்கள் மூணு பேரைக் குற்றவாளி என்று குற்றப்பத்திரிகை போட்டது.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. கோட்டையூர், கண்டனூர், சுற்றியுள்ள ஊராட்சிகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இனி அங்கெல்லாம் சாக்கடைக் குழாய் கேட்பார்கள், டெண்டர் வரும், வரைபடம் வரும். வரைபடம் காகிதமாக இருக்கும்போதே பிடிக்கணும், சிமெண்டு ஆன பிறகு முப்பது வருசத்துக்கு மாற்ற விடமாட்டான். அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கிற நம்ம பிள்ளைகள், பாலிடெக்னிக் பிள்ளைகள் இதை எடுத்துக்கொள்ளலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்பு. நாலே கேள்வி போதும்: எத்தனை குழி? ஒவ்வொன்றின் வாய் எத்தனை மில்லிமீட்டர்? எத்தனையில் இரும்புப்படி? சுத்தம் பண்ணுகிற இயந்திரம் எத்தனை வாங்கியிருக்கிறீர்கள், அதை ஓட்டுகிறவரின் சம்பளம் யார் பேரில் போகிறது? பதில் வந்ததும் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.